ஒன்பதாம் பக்கத்து ‘ம்’

அலுவலகத்தில் அவளுக்குப் பெயர் காதக்கா. வைத்தது யார் என்று கேட்டால் ஆளுக்கொரு பக்கம் கை காட்டுவார்கள். ஒருநாள் மூடிய கதவுக்கு அப்பால் மேற்பார்வையாளர் போனில் பேசியதைத் தன் நாற்காலியில் உட்கார்ந்தபடியே அவள் வரிக்கு வரி ஒப்பித்துக் காட்டினாள். அன்றிலிருந்து பெயர் ஒட்டிக்கொண்டது. மேற்பார்வையாளரும் அன்றிலிருந்து போன் வந்தால் மொட்டைமாடிக்குப் போய்விடுகிறார்.

அந்தக் காது அவளுக்குப் பிறவியில் வந்தது. அவள் அம்மா சீருடை தைக்கும் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். மாலையில் மணி அடித்ததும் இருநூறு பெண்கள் செருப்பைத் தேய்த்துக்கொண்டு வெளியே வருவார்கள். கேட் ஓரத்தில் குந்தியிருக்கும் ஐந்து வயதுப் பிள்ளை, தலையைத் தூக்கிக்கூடப் பார்க்காமல், “எங்கம்மா வந்தாச்சு” என்று எழுந்து நிற்கும். வளர்ந்த பிறகு ஓர் ஆஸ்பத்திரியின் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் எட்டு வருடம் இருந்தாள். “ஹலோ” என்கிற ஒரு சொல்லிலேயே இது பிரசவ வார்டா, விபத்துப் பிரிவா என்று பிடித்து, இணைப்பைத் தட்டிவிடுவாள். ஒருநாள் அந்த நாற்காலிக்குப் பதிவுசெய்த குரல் ஒன்று வந்து சேர்ந்தது. ஒன்றை அழுத்தவும், இரண்டை அழுத்தவும் என்று அது பேச ஆரம்பித்தது. இவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வந்த ஆத்திரத்தில் மூன்று நாள் அந்த எண்ணைக் கூப்பிட்டு அந்தக் குரலை வாய்க்கு வந்தபடி திட்டித் தீர்த்தாள். அது கடைசிவரை மரியாதையாகவே பதில் சொன்னது. அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சல்.

அவளுக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அது கெட்ட குணம் என்று சொல்கிறவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். இந்தக் கதையில் யாராவது ஒருவருக்காவது கோபம் வந்ததே என்று எனக்கு நிம்மதி.

இப்போதைய வேலை டைல்ஸ் கடைக்கு மேலே, இரண்டாம் மாடியில். பதினாறு மேசை, பதினாறு கம்ப்யூட்டர், பதினாறு ஹெட்போன். எங்கெங்கோ இருக்கிற பிள்ளைகளின் குரல் துண்டு துண்டாக வரும். ஒவ்வொரு துண்டும் நான்கு நொடி, மிஞ்சிப்போனால் பத்து நொடி. பிள்ளை என்ன சொல்கிறது என்று கேட்டு, அதை அப்படியே தட்டச்சு செய்ய வேண்டும். இருமல், தும்மல், நாற்காலி இழுபடும் சத்தம் என்று பேச்சில்லாத எதுவாக இருந்தாலும் ஒரே பொத்தான். அதன் மேல் ‘இரைச்சல்’ என்று ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். அதைத் தட்டினால் துண்டு போய்விடும், அடுத்தது வந்துவிடும். இப்படி லட்சக்கணக்கில் சேர்த்து ஒரு மென்பொருளுக்குக் காது உண்டாக்குகிறார்கள் என்பது தெரியும். எந்த மென்பொருள், யாருக்கு என்பதெல்லாம் இவர்களுக்குச் சொல்லப்படவில்லை. காகிதத்தில் அதன் பெயர் திட்டம் பதினேழு.

துண்டுகளின் தொடக்கத்தில் கேள்வி கேட்கும் குரலின் வால் மட்டும் ஒட்டிக்கொண்டு வரும். “...செல்லம்?” என்று தேன் வழியும். பிறகு பிள்ளையின் குரல். ஒரு நாளைக்கு ஆயிரம் ‘செல்லம்’ கேட்டுக் கேட்டு அந்தச் சொல்லே அவளுக்கு வெறுத்துப்போனது. சொந்த மகளை அப்படிக் கூப்பிடுவதையே விட்டுவிட்டாள்.

மகளுக்கு நாலரை வயது. ஆள் ஒல்லி, வாய் கூர்மை. அதனால் வீட்டில் குண்டூசி. காலையில் அதைப் பிடித்து உட்காரவைத்துத் தலை பின்னுவது ஒரு தினசரி யுத்தம். கதை சொன்னால்தான் தலை அசையாது. கதைக்கு ஒரே ஒரு விதி, அதைப் போட்டது அம்மாதான்.

“ம் கொட்டணும். கொட்டலைன்னா கதை அங்கேயே நின்னுடும்.”

குண்டூசி விதவிதமாகக் கொட்டும். மேலே சொல் என்பதற்கு ஒரு ம், சரி என்பதற்கு ஒரு ம், அதுதான் தெரியுமே என்பதற்கு அலுப்பாக ஒரு ம், நீ அளக்கிறாய் என்பதற்கு வாலைத் தூக்கிய ஒரு ம்ம். கையில் சீப்பும் வாயில் ரப்பர் பேண்டுமாக இருக்கும் அம்மாவுக்கு மகளின் முகம் தெரியாது. அந்த ம்-மிலேயே முகம் தெரிந்துவிடும். இடது பின்னல் முடியும்போது கதை பாதியில் இருக்கும், வலது பின்னலோடு முடிந்துவிடும். ஒன்பது மணிக்கு அவள் ஹெட்போனை மாட்டிக்கொள்வாள்.

பள்ளியில் கிச்சு என்று ஏதோ ஒன்று டேப்லெட்டில் கதை சொல்கிறது என்பது அவள் காதில் விழுந்திருந்தது. ஒருநாள் குண்டூசி சொன்னாள்.

“கிச்சுவுக்குக் காது கேக்காதும்மா. பாவம்.”

அம்மா சிரித்துவிட்டாள். உலகத்தில் எல்லாவற்றையும் கேட்கிற காதுக்கு அன்றைக்கு இது மட்டும் விளங்கவில்லை.

ஒரு புதன்கிழமை மதியம் பள்ளியிலிருந்து போன் வந்தது. உடனே வர முடியுமா என்று கேட்டார்கள். பிள்ளை விழுந்துவிட்டதோ என்று அடித்துப் பிடித்து ஓடினாள். பிள்ளை நன்றாகத்தான் இருந்தது, வாசலில் யாரோ ஒரு பெண்ணின் ரிப்பனைப் பிடுங்கிக்கொண்டு. பெரிய டீச்சர் அறைக்குள் கூப்பிட்டு, ஒரு தாளை மேசைமேல் நகர்த்தினார். அச்சடித்த தாள். மூலையில் காதைத் தொங்கப்போட்ட ஒரு பொம்மை. ‘பங்கேற்பு: நூற்றுக்குப் பதினொன்று. பேச்சுத் தாமதம் இருக்கலாம். திங்கள் முதல் மொட்டு அறைக்கு மாற்றப் பரிந்துரை.’

அந்தப் பள்ளியில் இரண்டு அறைகள். பூ அறை, மொட்டு அறை. பெயரைப் பார்த்தீர்களா, என்ன நேர்த்தி! பூ அறைப் பிள்ளைகள் வருட முடிவில் முதல் வகுப்புக்குப் போகும். மொட்டு அறைப் பிள்ளைகள் இன்னொரு வருடம் மொட்டாகவே இருக்கும். அதற்குப் பிறகு எந்தப் பள்ளிக்குப் போனாலும் அந்தத் தாள் கூடவே போகும்.

“யாருக்கு டீச்சர் பேச்சுத் தாமதம்? இவளுக்கா? இவ அஞ்சு நிமிஷம் வாயை மூடினா தெருவுல இருக்கறவங்க என்னமோ ஏதோன்னு வந்து எட்டிப் பாப்பாங்க.”

“வீட்ல பேசுவா. அது வேற. இது கேட்ட கேள்விக்குப் பதில் சொல்றது.”

“நீங்க கேள்வி கேட்டா சொல்றாளா, இல்லையா?”

“சொல்றா.” பெரிய டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “ஆனா நாங்க மனுஷங்க பாருங்க. எங்களுக்கு ஒரு பிள்ளையைப் பிடிக்கும், ஒரு பிள்ளையைப் பிடிக்காது. கிச்சுவுக்கு அந்தப் பாரபட்சம் எல்லாம் கிடையாது. அது சொன்னா சரியாத்தான் இருக்கும்.”

அவள் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. நாலரை வருடமாக இந்தப் பிள்ளையின் வாயோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பவள் அவள். எட்டு மாதமாக இந்தப் பிள்ளையைக் கண்ணால் பார்க்கிற டீச்சர் எதிரே உட்கார்ந்திருக்கிறார். இருவருக்கும் தெரிந்தது ஒன்று. ஆனால் தீர்ப்புச் சொல்வது தாளின் மூலையில் இருக்கிற பொம்மை.

“நான் பார்க்கணும். இவ அதுகூட எப்படிப் பேசறான்னு இப்பவே பார்க்கணும்.”

பெரிய டீச்சருக்கு விருப்பமில்லை. ஆனால் அந்த முகத்தைப் பார்த்துவிட்டு முடியாது என்று சொல்லவும் தைரியமில்லை.

கதை மூலையில் ஆறு சின்ன நாற்காலிகள், ஆறு டேப்லெட். குண்டூசி ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். அம்மாவுக்காக ஒலியை வெளியே கேட்கும்படி வைத்தார்கள். திரையில் கிச்சு வந்தது. முயலும் இல்லை, பூனையும் இல்லை, இரண்டுக்கும் பங்காளி மாதிரி ஒன்று. நத்தைக் கதை சொல்ல ஆரம்பித்தது. நத்தை ஊருக்குப் போகக் கிளம்பியது. ம், என்றாள் குண்டூசி. முதுகில் வீட்டையும் எடுத்துக்கொண்டது. ம். பஸ் ஸ்டாப்பில் போய் நின்றது. ம். பஸ் வந்துவிட்டது.

“நத்தை பஸ்ஸுல ஏறட்டுமா, செல்லம்?”

அவளுக்குச் சுரீர் என்றது. அந்த ‘செல்லம்’. அதே தேன், அதே இழுவை.

“ம்,” என்றாள் குண்டூசி.

கிச்சு நான்கு நொடி காத்திருந்தது. பிறகு காதைத் தொங்கப்போட்டது. “கிச்சுவுக்குக் கேக்கலையே! சத்தமா சொல்லு, செல்லம்?”

“ம்ம்!”

“கேக்கலையே, செல்லம்?”

குண்டூசி பின்னல் ஆடத் தலையை மேலும் கீழும் ஆட்டி, பல்லைக் கடித்துக்கொண்டு, நெஞ்சிலிருந்து ஒரு ம் போட்டாள். பக்கத்து நாற்காலிப் பெண்ணே திரும்பிப் பார்த்தது.

“பரவாயில்ல, நானே சொல்லிடறேன். நத்தை ஏறல. பஸ் போயிடுச்சு.”

“நான் ஏறச் சொன்னேன்ல!” என்று குண்டூசி கத்தினாள். “நத்தை பாவம்! வீட்டையெல்லாம் எடுத்துக்கிட்டு வந்துச்சு! லூசு கிச்சு!”

அப்படி ஒரு தெளிவான பேச்சு. ஆனால் அதற்குள் மைக் மூடிவிட்டது. திரையில் அடுத்த பக்கம் வந்துவிட்டது. அந்தப் பிள்ளையின் கணக்கில் இன்னொரு பூஜ்யம் ஏறியது.

“பாத்தீங்களா,” என்றார் பெரிய டீச்சர் மெதுவாக. “பதிலே இல்ல.”

அவளுடைய வலது கையின் மோதிர விரல் தானாக ஒருமுறை கீழே தட்டியது. மூன்று வருடமாக ம் என்று காதில் விழுந்தால் அந்த விரல் அப்படித்தான் தட்டும். இரைச்சல். அடுத்தது. இரைச்சல். அடுத்தது. கிச்சுவுக்கு இந்தக் காதைச் செய்து மாட்டியது அவள். காலையில் சீப்பைக் கையில் வைத்துக்கொண்டு ம் கொட்டு, ம் கொட்டு என்று பிள்ளையைப் பழக்கியதும் அவளேதான்.

வீட்டுக்கு வந்து டயர் கடையிலிருந்து திரும்பிய கணவனிடம் கொட்டித் தீர்த்தாள். அவர் நிதானமான மனிதர். கையை மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்துக்கொண்டே யோசித்துவிட்டுச் சொன்னார்.

“இதுக்கு ஏன் இவ்வளவு? ம் சொல்லாதே, ஆமாம்னு சொல்லுன்னு பிள்ளைக்குப் பழக்கிட்டா போச்சு.”

“ஏங்க, பிள்ளை ஒழுங்காத்தான் பேசுது. கேக்கத் தெரியாதது அந்தப் பொம்மை. பிள்ளை எதுக்குங்க மாறணும்?”

“பொம்மையை மாத்த நம்மால முடியுமா? பிள்ளையை மாத்தறது சுலபம். அதனால சொன்னேன்.”

உலகம் முழுக்க இப்படித்தான் யோசிக்கிறது என்பதால் அவர்மேல் கோபப்பட்டுப் பயனில்லை. ஆனாலும் கோபப்பட்டாள். அன்றைக்கு அவர் சாப்பாட்டைத் தானே போட்டுக்கொண்டார்.

மறுநாள் ஒரு மணிநேரம் முன்னதாகவே அலுவலகத்துக்குப் போனாள். யாரைப் பிடித்து உலுக்க வேண்டும் என்பது அவளுக்குத் தெளிவாக இருந்தது. எங்கேயோ ஏசி அறையில் உட்கார்ந்து, இந்த மொழியில் ஒரு எழுத்தும் தெரியாமல், ம் என்பது பேச்சில்லை என்று விதி எழுதிய அந்த மகாராசன் யார்? தலைமை அலுவலகத்திலிருந்து வந்த ஆங்கிலக் கையேடு அலமாரியில் தூசி படிந்து கிடந்தது. யாரும் அதைத் தொடுவதில்லை. எல்லாருடைய மேசையிலும் இருப்பது தமிழ்க் கையேடுதான். சேர்ந்த முதல் வாரம், ஆஸ்பத்திரியில் டாக்டர்களோடு பேசிப் பேசி இங்கிலீஷ் தெரியும் என்பதால், அதை அவளைத்தான் எழுதச் சொன்னார்கள். இரண்டே நாளில் எழுதிக் கொடுத்தாள். அதற்குக் கைதட்டல்கூடக் கிடைத்தது.

ஒன்பதாம் பக்கம். இரைச்சல் என்று எவற்றையெல்லாம் ஒதுக்க வேண்டும் என்ற பட்டியல். தமிழில் ஏழாவது வரி: ‘வாயைத் திறக்காமல் ம் என்பது.’ ஆங்கிலக் கையேட்டைத் திருப்பி அதே பக்கத்தின் ஏழாவது வரியில் விரலை வைத்தாள். அங்கே ஒரே ஒரு சொல் இருந்தது. ஹம்மிங்.

பிள்ளைகள் விளையாடும்போது தன்பாட்டுக்கு வாய்க்குள்ளேயே பாட்டை முணுமுணுக்குமே, அது. பாட்டு நடுவே பாடகிகள் சொல்லில்லாமல் இழுப்பார்களே, அது. ஊரில் எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் ஹம்மிங் என்றால் பாட்டு என்று சொல்லும். அவளும் பாட்டை நினைத்துத்தான் எழுதியிருப்பாள். அவசரத்தில் பாட்டு என்ற சொல் விட்டுப்போயிருந்தது. வாயைத் திறக்காமல் ம் என்பது மட்டும் நின்றுவிட்டது. அந்த வரியைப் படித்துத்தான் பதினாறு பேரும் மூன்று வருடமாகப் பொத்தானைத் தட்டினார்கள். எழுதியவளே தான் எழுதியதை மறந்துவிட்டு, தட்டுவதில் எல்லாரையும் முந்தினாள். சுவரில் ‘இந்த மாதத்தின் சிறந்த காது’ என்று அவள் படம் மூன்று முறை தொங்கியிருக்கிறது.

உலுக்குவதற்காகத் தூக்கிய கை அப்படியே நின்றுபோனது. கோபம் என்னவோ இறங்கவில்லை. போய்ச் சேர வேண்டிய முகவரி மட்டும் மாறிவிட்டது.

அவள் இரைச்சல் என்று ஒதுக்கியவை மொத்தம் அறுபத்தோராயிரம் துண்டுகள். அதிலிருந்து கைக்கு வந்த நூறை எடுத்துக் கேட்டாள். இருபத்தேழு உண்மையிலேயே இருமலும் தும்மலும். மீதி எழுபத்துமூன்றும் ம். சிரிப்பை அடக்கிக்கொண்டு ஒன்று. வாயில் எதையோ மென்றுகொண்டு ஒன்று. பயந்துபோய் ஒன்று. மூன்றாவது தடவையும் கேட்கவில்லை என்று சொல்லப்பட்ட பிறகு, அழுகைக்கு ஓரடி முன்னால் ஒன்று. எழுபத்துமூன்றிலும் ஒரு பிள்ளை சரி, ஏறட்டும், போகட்டும், சொல்லு என்று பதில் சொல்லிக்கொண்டிருந்தது. இந்தக் காதில்தான் அதெல்லாம் விழுந்தது. விழுந்தும் இந்த விரல்தான் தட்டியது.

மேற்பார்வையாளருக்கு அலுவலகத்தில் சமாதானம் என்று பெயர். எதற்கும் சமாதானமாகப் போகலாம் என்பார். இரண்டு கையேட்டையும் அவர் முன்னால் விரித்துவைத்துச் சொன்னாள். அவர் இரண்டு வரியையும் இரண்டு முறை படித்தார்.

“அட ஆமாங்க.” அவருக்கே கொஞ்சம் சிரிப்பு வந்தது. அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அதை விழுங்கினார். “சரி, இப்ப என்ன, பாப்பாவோட ரிப்போர்ட்தானே? மேல பேசி இன்னைக்கே மாத்திக் குடுத்துடறேன். அம்மா நம்ம ஆளுன்னு சொன்னா உடனே செய்வாங்க.”

“மத்த பிள்ளைங்க சார்?”

“அடுத்த பதிப்புல பாத்துக்கலாம்.”

“அடுத்த பதிப்பு எப்ப?”

“வரும்.”

“வர்றதுக்குள்ள எத்தனை பிள்ளைங்க மொட்டாகும் சார்?”

“காதக்கா.” அவர் குரலைத் தாழ்த்தினார். “இதை எழுதினது நீங்க. பூசி மெழுகறேன்னு நினைக்காதீங்க, உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். வெளியில போனா கம்பெனி பேர் வராது. உங்க பேர்தான் வரும். சமாதானமா போயிடலாமே.”

அவள் அந்த இடத்திலேயே முடியாது என்று எழுந்து நின்றாள் என்று எழுத எனக்கும் ஆசைதான். நிற்கவில்லை. சரி என்றாள். பிள்ளையின் தாள் மாற வேண்டும், திங்கள்கிழமை வருவதற்குள் மாற வேண்டும். அதைத் தவிர அப்போது அவள் மண்டையில் எதுவும் ஏறவில்லை. பெற்றவளாக இருந்தால் உங்களுக்கும் ஏறியிருக்காது. வெள்ளிக்கிழமை மாலை புதுத் தாள் வந்தது. நூற்றுக்கு எண்பத்துநான்கு. மூலையில் பொம்மை காதைத் தூக்கிக்கொண்டு சிரித்தது.

திங்கள்கிழமை காலை குண்டூசியைப் பூ அறை வாசலில் விட்டாள். பெரிய டீச்சருக்கு முகமெல்லாம் பல்.

“நான் சொன்னேன்ல? கிச்சுவே தப்பைத் திருத்திக்கிச்சு. அதான் மெஷினோட அழகு.”

வாய் வரைக்கும் வந்ததை முழுங்கிக்கொண்டு திரும்பினாள். வெளியே போகிற வழி மொட்டு அறையைத் தாண்டித்தான். கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே பதினோரு பிள்ளைகள். ஆயாம்மா ஒரு சின்னப் பெண்ணிடம் தண்ணீர் பாட்டிலை நீட்டியபடி நின்றிருந்தார்.

“தண்ணி வேணுமா?”

“ம்.”

“வாயைத் திறந்து சொல்லு. அப்பதான் தருவேன்.”

பிள்ளை பாட்டிலைப் பார்த்தது. ஆயாம்மாவைப் பார்த்தது. கேட்கிற தூரத்தில்தானே சொன்னோம் என்று அதற்குக் குழப்பம். ஆயாம்மா கெட்டவர் இல்லை. மேலே இருந்து அப்படிச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். பொம்மைக்குக் கேட்காதது இப்போது மனுஷிக்கும் கேட்காமல் போய்விட்டது. அந்தப் பிள்ளைக்குத் தாகம், அவ்வளவுதான் விஷயம்.

அவள் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய், ஆயாம்மா கையிலிருந்த பாட்டிலை வாங்கி, மூடியைத் திறந்து பிள்ளையிடம் கொடுத்தாள்.

“அது வேணும்னு சொல்லிடுச்சும்மா. எனக்குக் கேட்டுச்சு.”

நேராகப் பெரிய டீச்சரிடம் திரும்பிப் போய், பையில் மடித்து வைத்திருந்த, கையேட்டுப் பக்கங்கள் இரண்டின் நகலையும் மேசைமேல் வைத்தாள். நடந்ததைத் தலையிலிருந்து வால் வரைக்கும் சொன்னாள். பெரிய டீச்சர் கேட்டார். நடுவில் ஒருமுறை முகம் வெளுத்தது. பிறகு தாளை ஒழுங்காக மடித்து அவளிடமே திருப்பிக் கொடுத்தார்.

“உங்க பொண்ணு விஷயம் முடிஞ்சிடுச்சுல்லம்மா?”

“மத்த பிள்ளைங்க?”

“அவங்க வீட்ல யாரும் வந்து கேக்கலையே.”

யாரும் வந்து கேட்கவில்லை! வீட்டில் இருப்பவர்களுக்கு என்ன தெரியும் கேட்பதற்கு? பிள்ளைக்கு ஏதோ குறை என்று மெஷின் சொல்லிவிட்டது, பள்ளி சொல்லிவிட்டது. தலையைக் குனிந்துகொண்டு வருகிறார்கள், குனிந்துகொண்டு போகிறார்கள். அவள் அன்றைக்கு அலுவலகம் போகவில்லை. போன் செய்து லீவு கேட்டாள். காரணம் கேட்ட சமாதானத்திடம், “பள்ளிக்கூட கேட்ல நிக்கப்போறேன் சார். அந்த ஒன்பதாம் பக்கத்தைப் பத்தி ஒவ்வொருத்தர்கிட்டயும் சொல்லப்போறேன். எம் பேரையும் சேர்த்தே சொல்றேன், நீங்க கவலைப்படாதீங்க” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

மூன்று மணிக்குத் தூறல். பிள்ளைகளை அழைத்துப்போக வருகிறவர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். முதலில் வந்தவர் கடைத்தெருவில் மரத்தடியில் சாவி செய்கிறவர். அவர் மகள் மொட்டு அறையில் இரண்டாவது வருடம். காதக்கா அவரிடம் சொல்ல ஆரம்பித்ததும், அதுவரை தேக்கிவைத்த ஆத்திரம் முழுக்க வேகவேகமாக வெளியே வந்தது. பொம்மை, காது, இரைச்சல், ஹம்மிங், ஒன்பதாம் பக்கம், எழுதியது நான், தட்டியது நான். உங்கள் பிள்ளைக்கு ஒரு குறையும் இல்லை, இரண்டு வருடமாக எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறாள், வாங்க, சேர்ந்து போய்ப் பெரிய டீச்சரைக் கேட்போம் என்றாள். அவர் தன்னை அடிப்பார், இல்லை கத்துவார் என்று எதிர்பார்த்தாள். அடித்தால் வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் நின்றாள்.

அவர் சத்தமே போடவில்லை. இரும்புத் தூள் ஏறிய தன் ஆள்காட்டி விரலைக் கட்டைவிரலோடு சேர்த்துத் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

“தினம் காலையில கண்ணாடி முன்னாடி நிக்க வச்சு ஆமாம்னு நூறு தடவை சொல்ல வைப்பேன்,” என்றார். “தப்பித் தவறி ம்னு சொல்லிட்டா உதட்டுல சுண்டுவேன். வலிக்கும்னு தெரியும். நல்லதுக்குத்தானேன்னு சுண்டுவேன். ரெண்டு வருஷமா.”

அவள் நீட்டிய தாளில் தூறல் விழுந்துகொண்டிருந்தது.

“இப்ப அவ ம்மும் சொல்றதில்ல, ஆமாமும் சொல்றதில்ல. நான் பக்கத்துல வந்தா உதட்டை உள்ள மடிச்சுக்கறா.” அவர் நிமிர்ந்து அவளை முதன்முறையாகப் பார்த்தார். “ஏம்மா எங்கிட்ட சொன்னீங்க? சொல்லாம இருந்திருந்தா, பிள்ளைக்காகப் பாடுபட்ட அப்பன்னு நினைச்சுக்கிட்டே நான் செத்துப்போயிருப்பேனே.”

மணி அடித்தது. அவர் மகளைக் கூட்டிக்கொண்டு வர உள்ளே போனார். காதக்கா நனைந்த தாளைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே நின்றாள். அடுத்த பிள்ளையின் அம்மா குடையை மடக்கிக்கொண்டே கேட்டை நோக்கி வந்துகொண்டிருந்தாள். அவளிடமும் சொல்ல வேண்டியிருந்தது.